கத்தரிப் பூவுக்கு ஏன் கருவண்டு வேண்டும்?

தாமிரபரணிக் கரையோரம் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் கண்ணில் படுவது நெல்லும் வாழையும்தான். பாபநாசத்துக்குக் கீழே நதியுண்ணி, கன்னடியன், கோடகன், பாளையங்கால்வாய் என்று வரிசையாகக் கால்வாய்கள் பிரிந்து போகின்றன. அவை பாயும் இடமெல்லாம் இந்த இரண்டு பயிரும்தான் நிறைந்திருக்கும். தேனீக்கள் இல்லாவிட்டால் விவசாயமே இல்லை என்று நீங்கள் படித்திருப்பீர்கள். ஆனால் இந்த இரண்டுக்கும் தேனீயின் தயவு வேண்டியதில்லை. நெற்பூ காலையில் ஒன்றிரண்டு மணி நேரம் திறந்திருக்கும். அதன் மகரந்தம் பெரும்பாலும் அதே பூவின் சூலகமுடியிலேயே விழுந்துவிடும். நாம் சாப்பிடும் வாழையோ மகரந்தச் சேர்க்கை நடக்காமலே காய்க்கும், அதனால்தான் பழத்துக்குள் கொட்டை இருப்பதில்லை. வாழைப்பூவைத் தேனீக்கள் மொய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை தேன் குடிக்க வருகின்றன. அவை வராமல் போனாலும் தார் தள்ளும், சீப்பு முற்றும்.

அதே வாழைத்தோட்டத்தின் ஓரத்தில் யாராவது நாலு பாத்தி கத்தரி போட்டிருப்பார்கள். அங்கே கதை வேறு.

சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு பள்ளியில் பேசப் போயிருந்தபோது ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “எங்க தாத்தா கத்தரி போட்டிருக்காவ சார். பூவெல்லாம் உதிருதுன்னு சொல்லுதாவ. தேன்பெட்டி வாங்கி வச்சா காய் கூடுமா?”

அருமையான கேள்வி. கேட்டவுடன் எல்லாரும் ‘கூடும்’ என்றுதான் சொல்வார்கள். சரியான பதிலுக்கு முதலில் ஒரு கத்தரிப் பூவைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஊதா இதழ்களுக்கு நடுவே மஞ்சளாக, கூம்பு போல் குவிந்து நிற்பவைதான் மகரந்தப்பைகள். மற்ற பெரும்பாலான பூக்களில் மகரந்தப்பை நீளவாக்கில் வெடித்துத் திறந்துகொள்ளும். பூசணிப் பூவுக்குள் விரலை விட்டால் விரல் முழுக்க மஞ்சள் தூள் ஒட்டுகிறதே, அது இப்படித் திறந்து கிடப்பதால்தான். கத்தரிப் பூவை விரலால் தடவிப் பாருங்கள், ஏறக்குறைய ஒன்றுமே ஒட்டாது. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து ஒவ்வொரு மகரந்தப்பையின் நுனியையும் பாருங்கள். இரண்டு சின்னஞ்சிறு துளைகள் தெரியும். மகரந்தம் வெளியே வர அதுதான் வழி. மூடியில் ஓட்டை போட்ட மிளகுத்தூள் டப்பாவைக் குலுக்கினால்தானே தூள் விழும்? இந்தப் பூவும் அப்படித்தான், யாராவது வந்து குலுக்க வேண்டும்.

காற்று கொஞ்சம் குலுக்கும். கத்தரி தன் மகரந்தத்தாலேயே காய்க்கக்கூடிய செடிதான். ஆகவே காற்று மட்டும் வீசினாலும் ஓரளவு காய் பிடிக்கும். ஆனால் சூலகமுடியில் நிறைய மகரந்தம் விழுந்தால் விதை கூடும், காயும் திரளும். அந்த அளவுக்குக் குலுக்கக் காற்றுக்கு வலுப் போதாது. அதற்கென்றே வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

விடிந்து வெயில் ஏறுவதற்கு முன் கத்தரி வயலில் போய் அசையாமல் நில்லுங்கள். கரேலென்று, வெயிலில் சிறகு நீலமும் ஊதாவுமாக மின்ன, பெரிய வண்டு ஒன்று வரும். நம் ஊரில் அதைக் கருவண்டு என்போம். பெயரில்தான் வண்டு, உண்மையில் அது தேனீக் குடும்பம்தான். அது பூவில் வந்து அமர்ந்ததும் பூ அப்படியே தலைகீழாகத் தொங்கும். வண்டு மஞ்சள் கூம்பைக் கால்களால் கட்டிக்கொண்டு, உடலை வளைத்து வயிற்றைத் துளைகளுக்கு நேராகக் கொண்டுவரும். பிறகு சிறகை மடக்கிவிடும். இந்த இடத்தில் காதைக் கூர்மையாக்கிக்கொள்ளுங்கள். பறந்து வந்தபோது கேட்ட ‘ம்ம்ம்’ என்ற கனத்த ஓசை நின்று, அதைவிடச் சுருதி ஏறிய ‘ஸ்ஸ்ங்’ என்ற ஓசை விட்டு விட்டுக் கேட்கும். சிறகு அசையவே அசையாது. ஓசை மட்டும் வரும். அதே நொடியில் வெளுத்த மஞ்சள் தூள் அதன் வயிற்றில் கொட்டும்.

சிறகு அசையாமல் ஓசை எப்படி வருகிறது? தேனீயின் பறக்கும் தசைகள் நேரடியாகச் சிறகோடு இணைந்தவை அல்ல. அவை மார்புக் கூட்டை அமுக்கி அமுக்கி விடுகின்றன, கூடு அதிரும்போது சிறகு அடித்துக்கொள்கிறது. கருவண்டு சிறகின் இணைப்பைத் தளர்த்திவிட்டு, தசையை மட்டும் இயக்குகிறது. மார்பின் அதிர்வு கால்கள் வழியாகப் பூவுக்குள் இறங்குகிறது. மகரந்தப்பைக்குள் இருக்கும் தூள்கள் சுவரில் மோதித் துள்ளி, துளை வழியே தெறிக்கின்றன. பறந்து வரும் தேனீயின் உடலில் நிலைமின்னூட்டம் இருப்பதால் தூள் அதன் ரோமத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. அடுத்த பூவில் போய்க் கட்டிக்கொள்ளும்போது, கூம்பின் நடுவிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சூலகமுடி அந்த வயிற்றில் உரசுகிறது. வேலை முடிந்தது. இதற்கு அதிர்வு மகரந்தச் சேர்க்கை என்று பெயர். உலகில் சுமார் 20,000 வகைத் தாவரங்கள் இப்படிப்பட்ட பூக்களை வைத்திருப்பதாக ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள்.

அவற்றில் உங்களுக்குத் தெரிந்தவையே எத்தனை! சுண்டை, தூதுவளை, மணத்தக்காளி, கண்டங்கத்தரி எல்லாம் கத்தரியின் சொந்தங்கள், எல்லாவற்றிலும் நுனித்துளை உண்டு. தக்காளியும் இந்தக் கூட்டம்தான், கூம்பின் அமைப்பில் மட்டும் சிறு மாற்றம். மானாவாரிக் காட்டில் மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் ஆவாரையும் குலுக்கினால்தான் மகரந்தம் தரும். ஆனால் அதே கத்தரிக் குடும்பத்தில் பிறந்த மிளகாயின் மகரந்தப்பை மட்டும் நீளவாக்கில் வெடித்துத் திறக்கிறது. ஒரே குடும்பத்துக்குள் இப்படி இரண்டு வழக்கம்.

இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். பெட்டியில் வளர்க்கும் தேனீ, அதாவது நம் நாட்டு அடுக்குத் தேனீ, பூவைக் குலுக்குமா? குலுக்காது. அதற்கு அந்தப் பழக்கமே கிடையாது. கருவண்டு குலுக்கிவிட்டுப் போனபின் இதழில் சிந்திக் கிடப்பதை வேண்டுமானால் பொறுக்கிக்கொண்டு போகும். இன்னொரு காரணமும் உண்டு: கத்தரிப் பூவில் தேனே இல்லை. தேன் தேடி அலையும் பெட்டித் தேனீக்களுக்கு அங்கே பெரிதாக வேலை இல்லை.

தேன் எடுப்பதும் மகரந்தம் சேர்ப்பதும் இரண்டு தனித்தனி வேலைகள். இதை நம் பக்கத்து மாவட்டத்தில் போய்ப் பார்த்தால் நன்றாக விளங்கும். கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம் தேன் வளர்ப்புக்குப் பேர்போன ஊர். 1910 வாக்கில் அருட்தந்தை நியூட்டன் என்பவர் நம் நாட்டுத் தேனீயின் உடலளவுக்கு ஏற்றபடி சிறிய மரப்பெட்டி ஒன்றை வடிவமைத்தார். இன்றும் அது ‘நியூட்டன் பெட்டி’தான். பின்னர் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராம மேம்பாட்டு மையம் இந்தத் தொழிலைக் குடும்பம் குடும்பமாகக் கற்றுக்கொடுத்தது. அங்கே கிடைக்கும் தேனில் பெரும்பங்கு எந்தப் பூவிலிருந்து வருகிறது தெரியுமா? பூவிலிருந்தே வருவதில்லை. ரப்பர் மரம் இலையுதிர்த்துப் புதிதாகத் தளிர்விடும்போது, மூன்று சிற்றிலைகள் சேரும் காம்பு நுனியில் உள்ள சுரப்பிகளில் இனிப்பு நீர் துளிர்க்கும். தேனீக்கள் அதைக் குடித்துத்தான் அடையை நிரப்புகின்றன. அங்கே தேன் உண்டு, மகரந்தச் சேர்க்கை இல்லை. கத்தரி வயலிலோ மகரந்தச் சேர்க்கை உண்டு, தேன் இல்லை.

அதற்காகத் தேன்பெட்டி வீண் என்று நினைத்துவிடாதீர்கள். பூசணி, பாகல், வெள்ளரி இவற்றில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தூளைக் கொண்டுபோக ஆள் வேண்டும். பெட்டித் தேனீ அதற்குக் கெட்டிக்கார ஆள். சூரியகாந்திக்கும் எள்ளுக்கும் அப்படியே. வைப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பூக்கத் தொடங்குவதற்கு முன்பே பெட்டியைக் கொண்டுபோய் வைத்தால், தேனீக்கள் அக்கம்பக்கத்தில் வேறு பூக்களைப் பழகிக்கொண்டு அங்கேயே போய்க்கொண்டிருக்கும். ஆகவே கொஞ்சம் பூ எடுத்த பிறகு, இரவில் எல்லாத் தேனீயும் உள்ளே அடைந்தபின் வாசலை மூடித் தூக்கி வர வேண்டும். பெட்டியின் கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைக்காவிட்டால் எறும்பு ஏறிவிடும். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியா முழுக்கப் பரவி நாட்டுத் தேனீக் கூட்டங்களை அழித்தது. மார்த்தாண்டம் பக்கமும் பெட்டி பெட்டியாகக் காலியானது. ஒரே இனத் தேனீயை மட்டும் நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதை அன்று தென்னாடு கண்ணால் பார்த்தது.

பெட்டித் தேனீக்குப் பூவைக் குலுக்கத் தெரியாத இந்தச் சிக்கலோடு கடல் கடந்த நாடுகளிலும் விவசாயிகள் போராடுகிறார்கள். கேக்கின் மேல் வைக்கும் நீலநிறப் புளூபெரிப் பழத்தைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் எலிசபெத் ஒயிட் என்ற பண்ணையாரும் பிரெடெரிக் கோவில் என்ற தாவரவியலாளரும் சேர்ந்து, காட்டுச் செடியாக இருந்த அதைத் தோட்டப் பயிராக்கி 1916-இல் முதல் விளைச்சலை விற்றார்கள். அதன் பூ தலைகீழாகத் தொங்கும் சிறு மணி. உள்ளே இருக்கும் மகரந்தப்பைகளில் நம் கத்தரியைப் போலவே நுனித்துளை! புளூபெரியின் அளவு அதற்குள் எத்தனை விதை பிடித்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. மகரந்தம் குறைந்தால் பழம் சிறுத்துவிடும்.

அங்கே பண்ணைக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? மெய்ன் மாநிலத்தில் பூக்கும் காலம் வந்ததும் லாரிகளில் தேன்பெட்டிகளை வாடகைக்கு வரவழைக்கிறார்கள். அந்தத் தேனீக்களுக்கும் குலுக்கத் தெரியாது. புளூபெரியில் தேன் இருப்பதால் அதைக் குடிக்க நுழையும்போது கொஞ்சம் தூள் உதிர்ந்து ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். ஒரு தேனீ செய்கிற வேலை குறைவு என்பதால் ஏராளமான தேனீக்களை இறக்கி ஈடுகட்டுகிறார்கள். செலவும் பெரிது. ஆனால் அமெரிக்காவின் தென்கிழக்கில், மண்ணில் வளை தோண்டி வாழும் ஒரு காட்டுத் தேனீ இருக்கிறது. புளூபெரித் தேனீ என்றே அதற்குப் பெயர். ஆண்டில் சில வாரம் மட்டுமே வெளியே வரும். பூவைக் குலுக்குவதில் அது கைதேர்ந்தது. ஒரே ஒரு பெண் தேனீ தன் குறுகிய வாழ்நாளில் 50,000 பூக்கள் வரை போய்வரும் என்றும், அதனால் 6,000-க்கும் மேற்பட்ட பழங்கள் விளையும் என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். அதற்கு யாரும் வாடகை கொடுப்பதில்லை.

எனக்கு இதில் மிகவும் பிடித்த செய்தி இனிமேல்தான் வருகிறது. புளூபெரியின் நெருங்கிய உறவுச் செடிகள், அதே பேரினத்தைச் சேர்ந்தவை, நம் நீலகிரியின் சோலைக்காடுகளில் தாமாகவே வளர்கின்றன. புளூபெரித் தேனீயின் உறவுக்காரத் தேனீயோ உங்கள் வீட்டுத் துளசிச் செடிக்கே தினமும் வந்து போகிறது. நீலப்பட்டைத் தேனீ அது. கறுத்த வயிற்றில் நீல நிறப் பட்டைகள் பளபளக்கும். ஓரிடத்தில் நில்லாமல் சர்ரென்று பாயும், சட்டென்று காற்றில் அப்படியே நிற்கும். ஆஸ்திரேலியாவில் இதன் இனத்தேனீ ஒன்றைத் தக்காளிப் பூவில் வைத்து ஆய்வாளர்கள் படமெடுத்துப் பார்த்தார்கள். 2015-இல் வெளிவந்த செய்தி அது. அந்தத் தேனீ கூம்பைக் கடித்துப் பிடிப்பதில்லை, தலையாலேயே நொடிக்குச் சுமார் 350 முறை முட்டுகிறது! சாயங்காலத்தில் வேலியோரக் காய்ந்த குச்சியில் நாலைந்து நீலப்பட்டைத் தேனீக்கள் வாயால் கவ்விக்கொண்டு வரிசையாகத் தொங்கினால் விரட்டாதீர்கள். அவை ஆண் தேனீக்கள், அங்கேதான் அவற்றுக்கு இராத் தூக்கம். ஆண் தேனீக்குக் கொடுக்குக் கிடையாது.

ஆகவே தாத்தாவின் கத்தரிக்குப் பெட்டி வாங்குவதைவிட முக்கியமான வேலைகள் இருக்கின்றன. குலுக்கும் தேனீக்கள் ஏற்கெனவே ஊரில்தான் இருக்கின்றன. அவை தங்க இடமும் தின்ன உணவும் வேண்டும், விஷம் படாமலும் இருக்க வேண்டும்.

தங்குமிடத்தைப் பார்ப்போம். கருவண்டு பட்ட மரத்தையோ காய்ந்த முருங்கைக் கிளையையோ மூங்கிலையோ துளைத்து நீளமான வளை செய்யும். வளைக்குள் மகரந்தமும் தேனும் பிசைந்த உருண்டை ஒன்றை வைத்து, அதன் மேல் ஒரு முட்டையிட்டு, மரத்தூளால் தடுப்புச் சுவர் கட்டும். பிறகு அடுத்த அறை. உங்கள் வயலிலிருந்து கொண்டுபோன கத்தரி மகரந்தம் அந்த உருண்டையில்தான் போய்ச் சேருகிறது. நீலப்பட்டைத் தேனீக்கு மண் போதும், பழைய மண்சுவர், புல் முளைக்காத வரப்புச் சரிவு. தோட்டத்தைச் சுத்தமாக வைக்கிறோம் என்று பட்ட கிளையையெல்லாம் விறகுக்கு வெட்டி, மண்சுவரை இடித்துச் சிமெண்ட் பூசினால் இவை எங்கே போகும்? வீட்டு உத்திரத்தைக் கருவண்டு துளைக்கிறது என்று பெரியவர்கள் கோபப்படுவது நியாயம்தான். அதற்கு, உத்திரத்துக்கு வண்ணம் பூசிவிட்டு, தோட்டத்து மூலையில் நாலு காய்ந்த முருங்கைக் கட்டைகளையும் மூங்கில் துண்டுகளையும் நட்டு வைத்தால் போதும்.

உணவு? கத்தரிப் பூ மகரந்தம் மட்டுமே தரும். பறப்பதற்கான தெம்புக்குத் தேன் வேறிடத்தில் கிடைக்க வேண்டும். கருவண்டுக்கு எருக்கு, முருங்கை, அகத்தி, கிலுகிலுப்பை பிடிக்கும். நீலப்பட்டைத் தேனீக்குத் துளசியும் தும்பையும். வரப்போரத்தில் இவை இருந்தால் களை என்று ஒன்றுவிடாமல் செதுக்கிவிட வேண்டாம்.

விஷம்தான் பெரிய சிக்கல். கத்தரிக்குத் தண்டு மற்றும் காய்த்துளைப்பான் என்ற புழுவால் தீராத தொல்லை. தூத்துக்குடி மாவட்டம் கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரி, குளத்தூர் வட்டார ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்து கே.கே.எம். 1 என்ற ரகத்தைத் தந்திருக்கிறது. பால் வெள்ளையாக, முட்டை வடிவில், கொத்துக்கு இரண்டு முதல் நான்கு காய் வரை காய்க்கும். அத்தனை அழகான காயையும் புழு விட்டுவைப்பதில்லை. அதற்குப் பயந்து அடிக்கடி மருந்தடிக்கிறார்கள், அதுவும் காலையில், சரியாகத் தேனீ வரும் நேரத்தில். மருந்தைத் தவிர்க்க முடியாதபோது தேனீக்கள் கூடடைந்தபின் மாலையில் அடிக்கலாம். வாடித் தொங்கும் தண்டு நுனிகளுக்குள்தான் புழு இருக்கும், அவற்றைக் கிள்ளி அழிக்கலாம். தாய் அந்துப்பூச்சியைச் சமாளிக்க, ஆண் அந்துகளைப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி இருக்கிறது. இவற்றைச் செய்தால் மருந்தடிக்கும் தடவைகள் குறையும். நுனி கிள்ளும் வேலைக்குக் கூர்மையான கண் வேண்டும், அதில் உங்களை மிஞ்ச ஆளில்லை.

பூ உதிர்வதைப் பற்றியும் தாத்தாவுக்கு ஒரு செய்தி உண்டு. கத்தரிச் செடியில் எல்லாப் பூவும் ஒரே மாதிரி இருக்காது. சிலவற்றில் சூல்தண்டு நீண்டு கூம்புக்கு வெளியே தலைநீட்டும், சிலவற்றில் குட்டையாக உள்ளேயே அமுங்கிக் கிடக்கும். குட்டைத் தண்டுப் பூ பெரும்பாலும் காய்க்காமல் உதிர்ந்துவிடும், அது செடியின் இயல்பு. அந்தப் பூவுக்காகத் தாத்தா கவலைப்பட வேண்டியதில்லை.

இதையெல்லாம் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பள்ளி ஆய்வகத்தில் இசைக்கவை இருக்கும். 256 அல்லது 512 ஹெர்ட்ஸ் என்று அதில் பொறித்திருக்கும். ஆசிரியரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் புதிதாக விரிந்த கத்தரிப் பூவுக்கு அடியில் கறுப்புத் தாளைப் பிடியுங்கள். முதலில் பூவை விரலால் லேசாகத் தட்டி, தாளில் என்ன விழுகிறது என்று பாருங்கள். பிறகு இசைக்கவையை ரப்பர் துண்டில் தட்டி, அதிரும் முனையை மஞ்சள் கூம்பின் மேல் மெல்லத் தொடுங்கள். இப்போது விழுவதையும் பாருங்கள். வேறு வேறு அதிர்வெண் கொண்ட கவைகளை மாற்றிப் பார்த்து எது அதிகமாக உதிர்க்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, நீண்ட சூல்தண்டுள்ள மொட்டுகளாக ஒரு பத்தைத் தேர்ந்தெடுங்கள். ஐந்தை விரிவதற்கு முன்பே மெல்லிய வலைத்துணியால் மூடிக் கட்டுங்கள். மற்ற ஐந்தின் காம்பில் வண்ண நூல் கட்டித் திறந்தே விடுங்கள், வண்டு வரட்டும். இதழ் வாடியதும் துணியை அவிழ்த்துவிட்டு அவற்றுக்கு வேறு நிற நூல் கட்டுங்கள். சமையலுக்குப் பறித்துவிட வேண்டாமென்று வீட்டில் முன்பே சொல்லி வையுங்கள். காய் முற்றி மஞ்சளாகப் பழுத்தபின் இரண்டு வகையையும் எடைபோட்டு, அறுத்து, விதைகளைத் தண்ணீரில் கழுவி எண்ணுங்கள். இரண்டு எண்ணிக்கையையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, தாத்தாவிடம் காட்டுங்கள்.